வஜ்ஜிரமா, வெள்ளைப் பசையா? ஒரு செல்லோவை ஒட்டி முடித்தவனின் கணக்கு

வயலினின் பெரிய அண்ணனான செல்லோவைச் செய்கிறேன் என்றால் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஸ்ப்ரூஸ் எங்கே வாங்கினீர்கள், மேப்பிளுக்குப் பதிலாகப் பலா போட்டால் என்ன, வார்னிஷ் எது. எதை வைத்து ஒட்டினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மூன்று வருடம் இழுத்த வேலையில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது அதுதான்.

அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். இசைக்கருவி செய்வது சாயங்காலத்துப் பைத்தியம். முதலில் ஒரு வயலின் செய்தேன், அடுத்து மகள் வாசிக்க ஒரு செல்லோ. வயலினை வெள்ளைப் பசையில் ஒட்டினேன், செல்லோவை வஜ்ஜிரத்தில். இரண்டிலும் கை வைத்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். என் சாய்வை ஒளிக்கப் போவதில்லை. செல்லோ செய்யப் போகிறவர் என்னைக் கேட்டால் வஜ்ஜிரம் என்றுதான் சொல்வேன்.

வஞ்சிர மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. தேன் நிறத்தில் பாளமாகவோ குருணையாகவோ வரும். என் சின்ன வயதில் எங்கள் தெரு ஆசாரியிடம் ஒரு கரி பிடித்த டப்பா இருந்தது. அதில் இதைத்தான் காய்ச்சுவார், தெருமுனை வரை நாறும். 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு இந்த நாட்டின் தச்சர்கள் ஒவ்வொருவராக அடுப்பை அணைத்தார்கள். காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை, மூடியைத் திறந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். யார்தான் மாற மாட்டார்கள்? இந்த வகைப் பசைகளெல்லாம் அடிப்படையில் பாலிவினைல் அசிடேட். எந்தக் கம்பெனி டப்பாவாக இருந்தாலும் இங்கே நான் சொல்வது பொருந்தும் என்பதால் வெள்ளைப் பசை என்றே பொதுவாகச் சொல்கிறேன்.

பலத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வெளிச்சம் புகாத அளவுக்கு இழைத்துப் பொருத்திய மூட்டில் எதைப் போட்டாலும், பிய்க்கும்போது மரம்தான் முதலில் கிழியும். விலையும் ஒரு பொருட்டல்ல. ஒரு முழு செல்லோவுக்குச் செலவாகும் பசை, அதே செல்லோவுக்கு மாட்டும் ஒரு கம்பியின் விலைக்கு வராது.

வசதி என்று பார்த்தால் வெள்ளைப் பசை கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்துவிடும். வஜ்ஜிரத்தை முதல் நாள் இரவே பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் ஜவ்வரிசி போல உப்பியிருக்கும். அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி வரை சூடாக்க வேண்டும். 70-ஐத் தாண்டவிட்டால் பசை தன் பலத்தை இழக்க ஆரம்பிக்கும். நான் மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால் புட்டி வார்மரைப் பரணிலிருந்து இறக்கினேன், கச்சிதமாகப் பொருந்தியது. பதம் பார்ப்பது பாகு காய்ச்சுவது போலத்தான். தூரிகையைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழாமல் இழை அறாமல் ஒழுக வேண்டும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் சென்னை வெயிலில் இரண்டே நாளில் கெட்டுவிடும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த டப்பா மேல் என் மனைவி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: 'இது ரசம் இல்லை.'

அம்மாவுக்குப் பிரச்சினை வேறு. சைவ வீட்டில் மாட்டுத் தோலைக் காய்ச்சுவதாவது என்றார். மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் இருக்கிறதே, அதைக் கோயிலில் வைத்து வாசிக்கிறார்களே என்றேன். 'அது வாசிக்கிறது, நீ அடுப்பில் வெச்சுக் காய்ச்சுறே' என்றார். பால்கனிக்கு மாறினேன்.

இன்னொரு தொல்லை நேரம். சூடான வஜ்ஜிரம் ஆறத் தொடங்கியதும் கட்டியாகிவிடும். குளிர் நாட்டில் மரத்தையே சூடாக்கிவிட்டுத்தான் பசை தடவுவார்கள், அப்படியும் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குள். இங்கேதான் நம் ஊர் கை கொடுக்கிறது. மே மாதம், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்துவிட்டால் அறையே வார்மர். மேல்பலகையின் நடுமூட்டை அப்படித்தான் ஒட்டினேன். 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு பாதிகளையும் பசை தடவித் தேய்த்துச் சேர்க்க வேண்டும், நாலைந்து தேய்ப்பிலேயே மூட்டு பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். வியர்வை மூட்டில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தேன்.

இதுவரை படித்தவர்கள் வெள்ளைப் பசைப் பக்கம் போயிருப்பீர்கள். நியாயம்தான், வயலின் செய்தபோது நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அந்த வயலினை மூடி எட்டு மாதம் கழித்து உள்ளே ஏதோ அதிர்ந்தது. மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் ஒட்டும் பேஸ் பார் ஒரு முனையில் விட்டிருந்தது. அதைச் சரியாகப் பொருத்தாதது என் தவறு, பசையைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் சரிசெய்ய வேண்டுமென்றால் மேல்பலகையைக் கழற்றியாக வேண்டும். மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்தேன், போகவில்லை. கத்தியைச் சூடாக்கினேன், ரப்பர் மாதிரி இளகி உடனே மறுபடி ஒட்டிக்கொண்டது. பொறுமை இழந்து கொஞ்சம் அழுத்தினேன். ஸ்ப்ரூஸ் நார் நாராகப் பிய்ந்து, விளிம்பில் ஒரு விரல் நீளம் பக்கப்பட்டையோடே தங்கிவிட்டது. ஒருவழியாகத் திறந்த பிறகுதான் இரண்டாவது அடி. மரத்துக்குள் ஊறிய பழைய வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. புது மரம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள பட்டையில் எதைச் சுரண்டுவது? அந்த வயலின் இப்போது சுவரில் தொங்குகிறது.

வஜ்ஜிரத்தில் ஒட்டியது அப்படியில்லை. காய்ந்ததும் கண்ணாடி போல் கெட்டியாகி, பக்கவாட்டில் கத்தி நுழைந்தால் 'டக்' என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். முரண்டு பிடித்தால் கத்தி முனையில் ஒரு சொட்டு ஸ்பிரிட், அது பசையில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மூட்டை உடைய வைக்கும். ஸ்பிரிட் வார்னிஷ் அடித்திருந்தால் மட்டும் ஜாக்கிரதை, அந்தச் சொட்டில் வார்னிஷ் கரைந்துவிடும். மறுபடி ஒட்டும்போது பழைய வஜ்ஜிரம் புதிய சூட்டில் கரைந்து புதியதோடு கலந்துகொள்ளும். சுரண்டல் கிடையாது, வெந்நீர்த் துணியால் துடைத்தால் போதும்.

வயலினையே திறக்க வேண்டி வருகிறது என்றால், செல்லோவைத் திறக்காமல் காலம் தள்ள முடியாது. கீழ்ப்பகுதியில் மேல்பலகை 43 சென்டிமீட்டர் அகலம். ஸ்ப்ரூஸ் நாருக்குக் குறுக்கே ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ஐப்பசி மழைக்கும் ஏசி அறைக்கும் நடுவே அந்த அகலம் இரண்டு மில்லிமீட்டர் வரை மாறிவிடும். நாலு கம்பிகளும் சேர்ந்து 55, 60 கிலோ இழுவையில், மேல்பலகை மேல் நின்று அவற்றைத் தாங்கும் பிரிட்ஜை அழுத்திக்கொண்டிருக்கும்போது இந்த மாற்றம் எங்காவது வெளியேறியாக வேண்டும். அதனால்தான் வஜ்ஜிரத்தை எல்லா இடத்திலும் ஒரே கெட்டியில் போடுவதில்லை. கழுத்துக்கும் மூலைக் கட்டைகளுக்கும் கெட்டிப் பதம், மேல்பலகையை மூடும்போது தண்ணீர் சேர்த்து இளக்கிய பதம். வீட்டு மீட்டர் பெட்டியில் ஃப்யூஸ் கட்டை இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயரிங் எரிவதற்கு முன் ஃப்யூஸ் போக வேண்டும். பலகை பிளப்பதற்கு முன் மூட்டு திறக்க வேண்டும். வெள்ளைப் பசையில் இந்தப் பலவீனத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

செய்யும்போதே ஒட்டிக் கழற்ற வேண்டிய இடமும் உண்டு. உள்ளே ஓர் அச்சை வைத்து அதைச் சுற்றிச் செய்பவர்கள், நாலு மூலையிலும் மேல், கீழ் முனைகளிலும் வரும் ஆறு கட்டைகளையும் அச்சில் ஒவ்வொரு பொட்டுப் பசையால் தற்காலிகமாக ஒட்டி, அவற்றைச் சுற்றிப் பட்டைகளை வளைப்போம். எல்லாம் முடிந்ததும் சுத்தியால் ஒரு தட்டு, கட்டை விட்டுவிடும். அந்த இடத்தில் வெள்ளைப் பசை போட்டால் அச்சோடு சேர்த்துத்தான் செல்லோவை வாசிக்க வேண்டும்.

பழைய செல்லோக்களின் சரித்திரமே திறந்து மூடிய சரித்திரம்தான். இத்தாலியின் கிரெமோனாவில் ஆண்ட்ரியா அமாட்டி 16-ஆம் நூற்றாண்டில் செய்த 'கிங்' செல்லோ இன்று அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் வெர்மிலியன் ஊரில், தேசிய இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்களை வரைந்த அந்த முதுகை உற்றுப் பார்த்தால் ஓவியம் நடுவில் வெட்டுப்பட்டிருப்பது தெரியும். முதலில் பெரிதாக இருந்ததைப் பிற்காலத்தில் பிரித்து, அறுத்து, சின்னதாக்கி மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதே ஊரில் பின்னாளில் கருவிகள் செய்த ஸ்ட்ராடிவாரி கூட ஆரம்பத்தில் பெரிய அளவில் செய்து, 1707 வாக்கில்தான் இன்று எல்லோரும் பின்பற்றும் 75, 76 சென்டிமீட்டர் உடலுக்கு வந்தார். அவர் கருவிகளில் கழுத்தும் பேஸ் பாரும் பெரும்பாலும் பின்னாளில் மாற்றப்பட்டவை. அந்தக் காலத்துக் கழுத்துகளைப் பசையோடு உள்ளிருந்து ஆணியும் அடித்துத்தான் பொருத்தினார்கள் என்பது தனி வேடிக்கை. ஆணியைப் பிடுங்கிப் புதுக் கழுத்து வைத்தவர்களுக்கு மற்ற மூட்டுகள் வழிவிட்டன.

நமக்கு இது புதிதும் இல்லை. வீணையின் மேளத்தை, அதாவது மெட்டுகளை, மெழுகில் பதிப்பதே, சுருதி பிசகினால் பிரித்துக் கட்டலாம் என்பதற்காகத்தான். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைக் கச்சேரிக்கு முன் அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுக்கிறார்கள். எது நிலைக்க வேண்டும், எது கழல வேண்டும் என்பதை அந்தக் கைகள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டன.

போன கார்த்திகையில் மகள் வந்து 'சி கம்பி இரையுதுப்பா' என்றாள். நாலு கம்பிகளில் தடித்தது அது. விரல் முட்டியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். கீழ் வளைவில் ஓர் இடத்தில் சத்தம் பொக்கென்று மாறியது. எட்டு சென்டிமீட்டருக்கு மூட்டு விட்டிருந்தது. வார்மரைப் போட்டேன், இளக்கிய பசையை மெல்லிய கத்தியில் ஏந்தி உள்ளே விட்டேன், ஐந்து க்ளாம்ப். வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் அவள் வகுப்புக்கு எடுத்துப் போனாள்.

வெள்ளைப் பசை போட்டிருந்தால் அந்த மழையில் மூட்டு விட்டே இருக்காது என்று டூல் ரூம் நண்பர் சொன்னார். அவர் சொல்வது சரி. விட்டிருக்காது. அந்த இழுப்பு பலகைக்குள்ளேயே தங்கியிருக்கும், அது எந்த மழையில் வெளிப்பட்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை பால்கனியில் அடுப்பு மூட்ட முடியாதவர், பக்கத்தில் பழுது பார்ப்பவரும் இல்லாத ஊரில் இருப்பவர், அவர் பக்கம் நின்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

என் பட்டறையிலும் வெள்ளைப் பசைக்கு இடம் உண்டு. அச்சுக்கான பிளைவுட் அடுக்குகள், க்ளாம்ப் தாங்கிகள், செல்லோவைக் கிடத்தி வேலை பார்க்கும் தொட்டில், எல்லாம் அதில்தான். கழற்றவே வேண்டாத பொருளுக்கு அதைவிடச் சுகமான பசை இல்லை.

காய்ச்ச வேண்டாத, யூரியா சேர்த்த திரவ வஜ்ஜிரம் என்று ஒன்று புட்டியில் வருகிறது. இரண்டின் நல்லதும் ஒன்றில் கிடைக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். ஒட்டிப் பார்த்த துண்டு மழை நாளில் பிசுபிசுத்தது. நான் சோதித்தது ஒரே ஒரு புட்டி, அதுவும் கடையில் எவ்வளவு நாள் இருந்ததோ. அதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

ஒலியைப் பற்றிக் கேட்பீர்கள். வஜ்ஜிரம் கண்ணாடி போலக் காய்வதால் அதிர்வு நன்றாகக் கடக்கும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு செல்லோ. அதையே வெள்ளைப் பசையில் இன்னொரு முறை செய்து கேட்டால்தான் தெரியும், அதற்கு இன்னும் மூன்று வருடம் வேண்டும்.

கழுத்து மூட்டு விஷயத்தில் மட்டும் கண் வைத்துக்கொண்டே இருக்கிறேன். நிரந்தர இழுவையில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகரும், வஜ்ஜிரம் நகராது என்பார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று விரல்பலகையின் முனையில் சி கம்பியின் உயரத்தை ஸ்கேலில் அளந்து சுவர்க் காலண்டரில் குறிக்கிறேன். ஆரம்பத்தில் 8 மில்லிமீட்டர். போன மழையில் எட்டரை ஆனது, பங்குனியில் மறுபடி எட்டு. இந்த ஐப்பசி என்ன காட்டும் என்று பார்க்க வேண்டும்.