ஆட்டுக்கு மீன் வலை

தொட்டியில் வைத்த பூச்செடியை ஆடு மேயாமல் காக்க நான் சொல்லும் பொருள் நர்சரியில் கிடைக்காது. கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பழைய மீன் வலை கேளுங்கள். எடைபோட்டுத் தருவார்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன்.

தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் வீடு. காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் சுவரோரத் தொட்டிகளில் காசித்தும்பை, ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் போடுவேன். கேப்பர் மலைச் செம்மண், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு, அவ்வளவுதான் கலவை. தை மாதம் பூத்துக் குலுங்கும் நேரம் பார்த்துத் தெருவாடுகள் சுவரில் முன்னங்காலைத் தூக்கி வைத்து நிற்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் கீரை இனம், அவற்றுக்குக் கேட்கவா வேண்டும்!

முதலில் பச்சை நிழல்வலை கட்டினோம். ஆடு வரவில்லை, பூவும் வரவில்லை. ஜினியாவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். பாதி வெயிலை வலை தடுத்தால் தண்டுதான் நீளும். அடுத்து கோழிக்கூட்டுக் கம்பி வலை. கடற்காற்றில் துருப்பிடித்து, வெள்ளையடித்த சுவரெல்லாம் காவிக் கோடு. ஆன்லைனில் ‘செடிப் பாதுகாப்பு வலை’ என்று ஒன்று வாங்கினோம். கத்திரி வெயிலில் அப்பளமாக நொறுங்கிவிட்டது.

மீன் வலை வெயிலை மறைக்காது, துருவும் பிடிக்காது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடி போலத் தெரியும் தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். ஆட்டின் கண்ணுக்குத் தெரியாமல் கொம்பும் காலும் மாட்டிக்கொள்ளும். தடித்த முறுக்கு நூலில் பின்னிய, நிறம் பளிச்சென்று தெரிகிற வலையாகக் கேளுங்கள். விற்றவரிடம் செடிக்கு என்றதும், “அப்ப கிழிசல் தேடாதீங்கக்கா, உங்க ஆட்டுக்கு இது போதும்” என்று நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். சவுக்குக் கம்பு நட்டு, மேல் விளிம்பில் கயிறு கோத்து விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொட்டிக்கும் வலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் கண்ணி வழியாக நாக்கை நீட்டியே இலையை உருவிவிடும்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசாவிட்டால் கவிச்சி வாடைக்குத் தெருப் பூனையெல்லாம் நம் வீட்டில்தான். வலையின் அடிப்பகுதி தரையில் தொய்ந்து கிடந்தால் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கித் தவிக்கும். அதனால் கீழே ஒரு சாண் விட்டுக் கட்டியிருக்கிறேன். அழகு பார்க்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது. வாசலில் படகு நிற்காததுதான் குறை என்கிறார் என் கணவர்.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகளுக்கு ஆடு இல்லை, மான். வெள்ளைவால் மான் இரவோடு இரவாக வந்து பெட்டூனியா, பேன்சி பூச்செடிகளை மொட்டையடித்துவிடுகிறதாம். எட்டடி வேலியென்றால்தான் தாண்டாமல் இருக்கும். அழுகிய முட்டை வாடையடிக்கும் மருந்தைத் தெளிக்கிறாள், மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். இங்கே ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துத் தெளிப்பதும் அதே கதைதான். “சித்தி, மான் தொடாத செடின்னு வின்கா வாங்கி வச்சேன்” என்று வீடியோவில் காட்டினாள். பார்த்தால் நம்ம நித்தியகல்யாணி! அந்த இலையின் கசப்பும் நஞ்சும் மானுக்கும் ஆகாது, ஆட்டுக்கும் ஆகாது. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்தே அதிலிருந்து எடுப்பதுதான்.

அதனால் நித்தியகல்யாணித் தொட்டிகளை வலைக்கு வெளியே, சுவரின் மேலேயே வரிசையாக வைத்துவிட்டேன். துலுக்கச் சாமந்தியை நம்பி அப்படி வைக்காதீர்கள்; வாடைக்கு ஒதுங்குகிற ஆடும் சித்திரை வெயிலில் பசி வந்தால் கடித்துப் பார்க்கும். வலை வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் வலை பின்னுகிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சுவரின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள், வலை இழுத்தால் நீளும், அகலம் குறையும்.