டொல்பின் வாங்க முதல் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள்

வவுனியாவில் இருக்கிற மச்சான் ஒரு டொல்பின் வான் (பழைய ரொயோற்றா ஹயஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பார்த்து வைத்திருக்கிறான். நாலைந்து படங்களை அனுப்பிவிட்டு, "மீற்றர் ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலதான் காட்டுது, எடுக்கலாமோ?" என்று கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. போன கிழமைதான் என்னுடைய டொல்பினில் எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேற்றரைத் திரும்பவும் கழற்றி, துப்புரவாக்கி, பூட்டி, காசும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சூடு ஆற முதல் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீற்றர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்து, அங்கே ஓடி, பிறகு இங்கே வந்து கைமாறிக் கைமாறி ஓடிய ஹயசில், மீற்றர் காட்டுகிற எண்ணை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. கேட்க வேண்டியது, எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரைமிங் பெல்ற் மாற்றிய பில். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லி மீற்றர் பலகையில் ஒரு விளக்கு எரியும். பெல்ற்றை அப்படியே விட்டுவிட்டு விளக்கை மட்டும் அணைக்கிற கெட்டித்தனம் எங்களிடம் தாராளமாக உண்டு. பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்குப் பிறகு வரும் செலவில் பேரம் பேச ஒன்றுமில்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

சரி, நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னுடையது எல்எச் 113 மொடல், 3எல் என்கிற டீசல் எஞ்சின், 2779 சிசி. கொம்பியூற்றர் என்று ஒன்றும் கிடையாது. பற்றறியும் டீசலும் ஒழுங்காக இருந்தால் காலையில் திறப்பைத் திருகியதும் பிடிக்கும். எந்தச் சின்ன ஊரிலும் இதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார், பாட்ஸும் கிடைக்கும். எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால், சீற்றைத் தூக்கிவிட்டு வானுக்குள் இருந்தபடியே வேலை செய்யலாம். ஒரு மாரி இரவில் மாங்குளம் தாண்டி ரேடியேற்றரின் மேல் ஹோசின் கிளிப் கழன்றபோது, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு துளி நனையாமல் உள்ளே குந்தியிருந்து, ஆறவிட்டு, கிளிப்பை இறுக்கி, போத்தலில் வைத்திருந்த தண்ணீரை விட்டு வீடு வந்து சேர்ந்தேன். புதுக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது. அதே எஞ்சினின் சூடு சித்திரை வெயிலில் சீற்றுக்குள்ளால் ஏறுகிற சுகமும் அவர்களுக்குத் தெரியாது.

பாரம் ஏற்றினாலும், ஆட்களை அடுக்கினாலும், முணுமுணுக்காமல் இழுக்கும். லீற்றருக்கு ஒன்பது, பத்து கிலோமீற்றர் கொடுக்கும். இந்த வயதில் இதைவிட என்ன வேண்டும் என்று நானே ஆட்களிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

என் பிரச்சினை வெப்பநிலை ஊசி. அது ஒன்றுதான், ஆனால் ஓய்ந்தபாடில்லை.

எனக்கு முதல் வைத்திருந்தவர் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடியவர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிற அவசரத்தில் எங்கே கிணறு கண்டாரோ அங்கே அள்ளி வார்த்திருக்கிறார். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய், ரேடியேற்றருக்கு ஒரு போத்தல் தண்ணீர். வாங்கப் போன அன்றே மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் துருப்பிடித்த நிறம். அதைக் காட்டி, ஒரு ரேடியேற்றரின் காசைக் கழித்துத்தான் எடுத்தேன்.

முதல் தடவை கராஜில் மேல் தொட்டியைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கிக் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். குழாய்களின் வாயில் மஞ்சளாக ஒரு களி ஒட்டியிருந்தது. "என்ன அண்ணை இது?" என்றேன். "மஞ்சள்தூள் தம்பி. ஒழுக்கை அடைக்கப் போட்டிருக்கிறாங்கள்" என்றார், தினமும் பார்க்கிறவர் மாதிரி. சரக்குத்தூள் போடாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். களியை வழித்துவிட்டு மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுக் குத்தினார். சிலதுக்குள் கம்பி பாதிக்குமேல் போகவில்லை. போன இடங்களிலிருந்து வெள்ளைச் செதில்கள் உதிர்ந்து சிமெந்து நிலத்தில் குவிந்தன. விரலால் நசித்தால் மாவாகவில்லை, நறநறத்தது.

யாழ்ப்பாணத்து வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, சூடாக்கினால் பிரிந்து படிகிறது. எஞ்சின் ஒவ்வொரு நாளும் செய்வது அந்த வேலைதான். கேத்திலென்றால் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவலாம். எஞ்சின் புளொக்குக்குள், சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் படிந்திருப்பதை யார் சுரண்டுவது? என்னை வருத்துகிற இடம் இதுதான். ரேடியேற்றரைத் துப்புரவாக்கி, துருப்பிடிக்காமல் காக்கிற கூலன்ற்றும் வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்து விட்டால், கொஞ்ச மாதம் ஊசி பொன்னாக நிற்கும். பிறகு புளொக்குக்குள் இருக்கிற பழைய துருவும் செதிலும் கழன்று கழன்று வந்து திரும்பவும் ரேடியேற்றரில் அடைக்கும். நான் ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடாத வானில் யாரோ பத்து வருடம் அள்ளி வார்த்த கிணறுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இது வெறும் அலுப்பு மட்டுமென்றால் பரவாயில்லை. 2எல், 3எல் என்று வருகிற எல் வரிசை எஞ்சின்களில் பயப்பட வேண்டிய இடம், சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்தான். நன்றாக ஒருமுறை கொதித்துவிட்டால் வால்வுகளுக்கு இடையில் வெடிப்பு விழலாம். ரேபோ (turbo) போட்ட 2எல் இதற்குப் பேர்போனது. 3எல் அவ்வளவு மோசமில்லை, ஆனால் கொதித்த பிறகும் ஓட்டினால் அதற்கும் அதே கதிதான்.

அப்புறம், யாழ்ப்பாணத்தில் இந்த நோய் தெரியவே தெரியாது. ஏறுவதற்கு ஒரு மேடு இல்லாத ஊர். அரைவாசிக் குழாய் அடைத்த ரேடியேற்றரோடும் நல்லூருக்கும் நெல்லியடிக்கும் வருடக்கணக்கில் ஓடலாம். ஏ9 வீதியில் தம்புள்ளை வரைக்கும் ஊசி ஒழுங்குப் பிள்ளையாக இருக்கும். மாத்தளை தாண்டி கண்டிப் பக்கம் ஏறத் தொடங்க மெல்ல அசையும். குடும்பத்தோடு நுவரெலியா போனபோது இறம்பொடை ஏற்றத்தில் அது நடுவைத் தாண்டியது. ஏசியை நிறுத்தினேன். அது போதவில்லை. எஞ்சின் சூட்டை இழுத்து எடுக்கட்டும் என்று ஹீற்றரைப் போட்டேன். வெளியே பனி மூட்டம், உள்ளே எல்லோரும் அவிந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து மாமி கேட்டார்: "தம்பி, நுவரெலியா குளிரும் எண்டுதானே சொன்னவை?" நான் பதில் சொல்லவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மச்சானுக்கும், அவனைப் போல் பழைய டீசல் வான் பார்க்கப் போகிறவர்களுக்கும்: எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று முதலே ஓடிச் சூடாக்கி வைத்திருந்தால் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். முன் சீற்றைத் தூக்கி ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிந்த கூலன்ற் என்றால் அந்த உரிமையாளருக்கு ஒரு மரியாதை. துரு என்றால் யோசியுங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் மூடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நேற்று மாற்றிய மாதிரிப் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மூடியின் உள்பக்கத்திலும் கழுத்திலும் விரலால் தடவினால் பழைய கதை ஒட்டியிருக்கும்.

மூடி திறந்தபடியே ஸ்ரார்ட் பண்ணச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் பிரச்சினையில்லை. நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் போகிறது, ஹெட்டுக்குக் கீழே இருக்கிற காஸ்கற் போயிருக்கும் அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். மூடியைப் பூட்டிய பிறகு மேல் ஹோசைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக முதலே அது கல்லாக விறைத்தாலும் அதே அர்த்தம்தான். பிறகு ஏசியைப் போட்டு, அக்சிலறேற்றரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கால் மணித்தியாலம் நில்லுங்கள். விற்கிறவர் டீசல் போகுதென்று முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மலை இல்லாத ஊரில் மலைக்குப் பதில் இதுதான்.

ஊசி ஏறாமலே கீழே கிடந்தாலும் மகிழ வேண்டாம். கொதிக்கிற வானுக்கு எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வைத்தியம், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது. தட்டையான வீதியில் ஊசி இறங்கும், நோய் மறையும். எஞ்சின் ஓட வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். மேட்டில் ஏறும்போது மறைத்ததெல்லாம் வெளியே வரும்.

இன்னொன்று, இது 2022க்குப் பிறகு சேர்ந்தது. அந்த வருடம் ஜூன் மாதம் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போய்வரவே காணாது. மண்ணெண்ணெய் ஓகஸ்ட் வரைக்கும் 87 ரூபாய். ஹயர் ஓடியவர்களில் பலர் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை, அவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. போர் நடந்தபோது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஆனால் இந்த எஞ்சினின் டீசல் பம்முக்கு மசகும் அதே டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை, பம் உள்ளே தேயும். தேய்ந்த பம் காலையில் நல்ல பிள்ளையாக ஸ்ரார்ட் ஆகும். அரை மணித்தியாலம் ஓடி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திருகினால்தான் இழுத்து இழுத்துச் சுற்றும். சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடத்தால் கசிந்துவிடும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஓடிச் சூடானபோது ஒருமுறை, இரண்டும் பாருங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினால் நம்ப வேண்டாம், அன்றைக்கு மட்டும் பம்மின் டீசலைக் குறைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

வழுக்குக் கதவின் றோலர் தேய்ந்து கதவு தொங்கும், கீழ்த் தண்டவாளம் துருப்பிடிக்கும், பின் ஏசி எப்போதும் அரை மனதாகத்தான் குளிர்விக்கும். இதெல்லாம் வயது. காசால் தீர்கிற விஷயங்கள்.

இனித் தீர்ப்பு. எஞ்சின் நம்பிக்கையானது, பாட்ஸ் இருக்கிறது, எவரும் திருத்துவார், இடம் தாராளம். இவ்வளவையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன்: மச்சான், எடுக்காதே. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறிய விலை இன்னும் விற்கிறவர்களின் தலைக்குள்ளேயே இருக்கிறது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது அவர்கள் காதில் விழவில்லைப் போல. முப்பது வயது வானுக்கு நீ கொடுக்கப் போகிற காசில் பாதி, இன்னொருவர் வார்த்த கிணற்றுத் தண்ணீருக்கு.

என்னுடையதைத் தருவேனா என்று கேட்காதே. தரமாட்டேன். போன கிழமைதான் ரேடியேற்றர் துப்புரவாக்கியது, ஊசி இப்போது அழகாக நிற்கிறது.

எப்படியும் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். சனிக்கிழமை போவதென்றால் வெள்ளி இரவே சொல்லு, முதல் பஸ்ஸில் வருகிறேன். நாங்கள் வரும்வரைக்கும் வானை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று அந்த மனிசனுக்குச் சொல்லி வை.