சண்டை ரோபோவுக்குள் 850 மில்லி ஆம்பியர் மணி லிப்போ பேட்டரி

மூன்று பவுண்டு, அதாவது சுமார் 1361 கிராம் எடைப் பிரிவில் மோதும் என் ரோபோவில் இந்த நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பல மாதங்கள் பயன்படுத்திவிட்டே இதை எழுதுகிறேன். இதன் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 16.8 வோல்ட்.

இதற்கு முன் 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வைத்திருந்தேன். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் சார்ஜர் எவ்வளவு திரும்ப ஏற்றுகிறது என்று குறித்து வந்ததில், மூன்று நிமிடம் விடாமல் மோதிய நாளில்கூட அது 610-ஐத் தாண்டவில்லை. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது செல்களுக்கு நல்லது என்பதால் 850 போதும் என்று முடிவெடுத்தேன். மிச்சமான ஐம்பது கிராமும் முன்பக்கக் கவசத் தகட்டைத் தடிமனாக்கப் பயன்பட்டது.

எடையை விட எனக்குப் பெரிதாகப் பயன்பட்டது இதன் நீளக் குறைவுதான். பழைய பேட்டரி ஆயுதத்தை ஒட்டி நிமிர்ந்து நின்றதால் முன்பாரம் மிகுந்து, பின்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வழுக்கின. இதையோ இரு மோட்டார்களுக்கும் இடையே தரையை ஒட்டிப் படுக்க வைக்க முடிந்தது. ஓர் உருளைக் கம்பியின் மேல் ரோபோவை வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துப் பார்த்தபோது, ஈர்ப்பு மையம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்கு வந்திருந்தது. செங்குத்தாகச் சுழலும் ஆயுதம் முழு வேகத்தில் இருக்கையில் ரோபோவைச் சட்டென்று திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும்; பாரம் தாழ்ந்த பிறகு அந்தத் தொல்லையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் இன்னும் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, வேகமெடுக்கும்போதே மூக்கு தூக்கிக்கொண்டது.

குறைகளும் உண்டு. பேட்டரியின் உறைமேல் 98 கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒயர், பிளக்குடன் தராசில் வைத்தால் 107 காட்டுகிறது. எடை வரம்பை ஒட்டி ரோபோ கட்டுபவருக்கு அந்த ஒன்பது கிராம் சில திருகுகளையும் ஒரு துண்டுத் தகட்டையும் கழற்றுவதற்குச் சமம் என்பதால், இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 75 சி, அதாவது கொள்ளளவைப் போல 75 மடங்கு மின்னோட்டம், என்ற குறிப்பின்படி கணக்கிட்டால் 64 ஆம்பியர் வரை தர வேண்டும். ஆயுதம் வேகமெடுக்கும் கணத்தில் மின்னழுத்தம் இறங்கும் அளவைப் பார்த்தால் அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். ஒயர்கள் குறுகிய முனையிலிருந்து வெளிவருவதால், அவற்றை மடக்க 15 மில்லிமீட்டர் இடம் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

உறை மிக மெல்லியது. மூலையில் ஒரு நசுங்கல் விழுந்த பேட்டரி மறுநாளே உப்பிவிட்டது. அதை மீண்டும் சார்ஜ் செய்யாமல் ஒதுக்கிவிட்டேன். இப்போது சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் வைக்கிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை இதைவிடப் பாதுகாப்பானதே. ஆனால் அதே ஆற்றலுக்கு எடை கூடுகிறது என்பதால் இந்தப் பிரிவில் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இதே பேட்டரியில் மேலும் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று 106 கிராம், மற்றது 111. கனமானதைப் போட்டாலும் வரம்பைத் தாண்டாதபடிதான் ரோபோவை இப்போது கட்டி வைத்திருக்கிறேன்.