வீட்டில் சைவக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுஷி சாப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் இப்போது எல்லாரும் ரீல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிற ஒரு சுஷி உணவகத்தில் எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை எழுதுகிறேன். சுஷி என்றால் வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் வேகாத மீனை வைத்துத் தருகிற ஜப்பானியச் சாப்பாடு. கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்த ஒரு கடையையே சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் எந்த சுஷி கடையில் போய் உட்கார்ந்தாலும் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே முதன்முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீஸ் தோழியோடு. கூட்டமே இல்லை. செஃப் நிற்கிற கவுன்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தோம். அவர் சோற்றைக் கையில் அளவாக எடுத்துப் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்து, ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் வைத்தார். சோறு உள்ளங்கைச் சூட்டில் இருந்தது, வாயில் போட்டதும் பிரிந்தது, வினிகர் புளிப்பு லேசாகத் தெரிந்தது. சால்மன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நார்வே மீன், உறைய வைத்துத்தான் வருகிறது என்று தயங்காமல் சொன்னார். ஜப்பானியர்களே ஒரு காலத்தில் சால்மனைப் பச்சையாகச் சாப்பிடத் தயங்கியவர்கள்தானாம், 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை அங்கே கொண்டுபோய் விற்று விற்றுத்தான் அந்தப் பழக்கமே வந்தது என்றும் சொன்னார். உறைய வைத்த மீன் என்று ஒப்புக்கொள்வதில் ஒரு குறையும் கிடையாது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் மீனில் இருக்கக்கூடிய புழுக்கள் செத்துவிடும், பச்சையாகப் பரிமாறும் மீனுக்குப் பல நாடுகளில் இப்படி விதியே இருக்கிறது. நான் தூத்துக்குடிக்காரி, மீன் விஷயத்தில் லேசில் மனசு ஒப்பாது. அன்றைக்கு மனசார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் மகளின் பிறந்தநாளுக்கு அங்கேயே போகலாம் என்று நானே சொன்னேன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு டேபிள் புக் செய்திருந்தோம். கணவர், மகள், நான், அப்புறம் அத்தை, அதாவது என் மாமியார். அத்தை பிறந்ததிலிருந்து சைவம். முட்டை கூடக் கிடையாது. எங்களோடு வெளியே வந்தால் நாங்கள் சாப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், தனக்கு என்ன உண்டோ அதைச் சாப்பிட்டுவிட்டுப் பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் புக் செய்யும்போதே போனில் கேட்டேன், சுத்த சைவத்தில் என்னென்ன இருக்கிறது என்று. நிறைய இருக்கிறது மேம், கவலையே படாதீர்கள் என்றார்கள்.

எட்டு மணிக்குப் போனவர்களை எட்டு ஐம்பதுக்குத்தான் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் ஒன்றரை மணி நேரத்தில் டேபிளைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, சனிக்கிழமைக் கூட்டம், அதை விடுங்கள். கவுன்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்த செஃப் அங்கே இல்லை. இரண்டு பையன்கள் ஏற்கெனவே உருட்டி பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கியிருந்த சோற்றை எடுத்து, மேலே மீனை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு வெள்ளரிக்காய் ரோல் சொன்னோம். மெனுவில் மிசோ சூப், அதாவது புளிக்க வைத்த சோயா விழுதில் செய்கிற ஜப்பானிய சூப், அதன் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. நான் அதோடு விடவில்லை. சர்வரைக் கூப்பிட்டு, இதில் மீன் எதுவும் சேராதா, சூப்புக்கு ஊற்றுகிற சாற்றில் கூடச் சேராதா என்று கேட்டேன். நூறு சதவீதம் வெஜ் மேம், சோயாவும் டோஃபுவும்தான் என்றார். அத்தைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு சூப் வாங்கினோம்.

அத்தை கிண்ணத்தைக் கையில் எடுத்து இரண்டு மூன்று வாய் குடித்தார்கள். வாசனை ஒரு மாதிரி இருக்கேம்மா என்றார்கள். அது சோயா அத்தை, புளிக்க வைத்தது, அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். அதை நம்பிப் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் தன்னுடைய சூப்பை என் பக்கம் தள்ளினாள். கிண்ணத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாசி. எங்கள் ஆச்சி மாசிக் கருவாட்டை உரலில் போட்டு இடிக்கும்போது அடுக்களை முழுக்க நிற்குமே ஒரு புகை வாசம், அதேதான். ஜப்பானில் கட்சுவோபுஷி என்று ஒன்று உண்டு, சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைத்துச் சீவி எடுப்பது. நம் பக்கத்து மாசிக்கு அது அண்ணன் தம்பி உறவு, இரண்டும் சூரையில் செய்வதுதான். கடல்பாசியையும் இந்தச் சீவலையும் போட்டு இறக்குகிற தண்ணீருக்கு தாஷி என்று பெயர். மிசோ சூப் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் செய்வார்கள்.

எழுந்து நேராக கவுன்டருக்குப் போனேன். சூப்புக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். அந்தப் பையன் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் காட்டினான், தாஷிப் பொடி. பின்பக்கம் பொருள் பட்டியலில் பொனிட்டோ என்று எழுதியிருந்தது, அதாவது அதே சூரை. வெஜ் சூப்புக்குத் தனியாக ஏதாவது உண்டா என்றேன். இல்லை மேம், எல்லாவற்றுக்கும் இதுதான் என்றான். அவன் மறைக்கவே இல்லை. அவனிடம் யாரும் கேட்டதும் இல்லை, சர்வருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, மெனுவில் பச்சைப் புள்ளியை வைத்தவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர்கள் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்கள். திரும்பி வந்து எதையும் தொடவில்லை. பேத்தி கேக் வெட்டும்போது மட்டும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ராத்திரியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விளக்கேற்றி உட்கார்ந்தார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட எனக்குப் பரவாயில்லை.

மற்றவை இதைவிடச் சின்ன விஷயங்கள், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். சோறு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று விறைத்திருந்தது. சால்மன் எங்கிருந்து என்று இந்த சர்வரிடம் கேட்டால் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்தது, ஃப்ரெஷ் என்கிறார், அதே கடையின் செஃப் நார்வே என்று சொல்லி ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஸ்னோ கிராப் என்று போட்ட ரோலுக்குள் இருந்தது நண்டே கிடையாது, மீன் விழுதில் செய்து வெளிப்பக்கம் சிவப்புச் சாயம் பூசிய குச்சி, பிரித்தால் நூல் நூலாக வருகிறது. ஃப்ரெஷ் வசாபி என்று 250 ரூபாய் போட்டார்கள். நிஜ வசாபி மூக்கில் ஏறுகிற காரமுள்ள ஒரு கிழங்கு, கண் முன்னால் துருவித் தர வேண்டும், துருவிய கால் மணி நேரத்தில் அதன் மணம் இறங்கிவிடும். எங்களுக்கு வந்தது டியூபில் அடைத்து விற்கிற பச்சை விழுது, குதிரை முள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்தது. அதை எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்கள், தப்பில்லை, ஆனால் அதற்கு யாரும் தனியாகக் காசு வாங்குவதில்லை.

கணவருக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் சாப்பிட்டது டூனா நிகிரி, அதாவது பிடித்த சோற்றின் மேல் சூரைத் துண்டு வைத்தது. முதல் வாயிலேயே நாக்கில் மிளகு மாதிரி சுள்ளென்று இருக்கிறது என்றார். வசாபியாக இருக்கும் என்று நினைத்தோம். கேக் வெட்டி முடிப்பதற்குள் முகமும் கழுத்தும் சிவந்துவிட்டது, காரில் ஏறியதும் அரிப்பு, தலைவலி, நெஞ்சு படபடப்பு. வழியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். மீன் சாப்பிட்டாரா என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களைப் பிடித்ததிலிருந்து பரிமாறும் வரை போதுமான குளிரில் வைக்காவிட்டால் கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். பிறகு உறைய வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும். அலர்ஜிக்குக் கொடுக்கிற ஊசிதான் போட்டார், இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. மீனைச் சோதித்துப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் சாதிக்க முடியாது, டாக்டரும் அப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் வெயிலில் கிடந்த சூரையைத் தின்றால் உடம்பு தடிக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். மீன் நாக்கில் சுள்ளென்று உறைத்தால் அங்கேயே துப்பிவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது பில். இன்றைய ஸ்பெஷல் தட்டு என்று சர்வர் தானாகவே சொன்னார், மெனுவில் விலை இல்லை, நாங்களும் கேட்கவில்லை. 3,200 ரூபாய். கேட்காமலே திறந்து ஊற்றிய இரண்டு தண்ணீர் பாட்டில் 440. சாப்பாட்டுக்கு மொத்தம் 8,340. அதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 834. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 9,633 ரூபாய்.

சர்வீஸ் சார்ஜை எடுங்கள் என்றேன். எங்கள் ரூல் மேம், எடுக்க முடியாது என்றார் மேனேஜர். சர்வீஸ் சார்ஜ் அரசாங்கம் போடுகிற வரி இல்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன, 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க அன்று எனக்குத் தெம்பில்லை. 1915க்கு போன் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். ஐந்து நிமிடத்தில் புது பில் வந்தது, 8,757 ரூபாய். 834 போனதோடு அதன்மேல் போட்டிருந்த வரியும் போயிற்று. சூப்புக்கான காசை அதிலும் எடுக்கவில்லை.

பில்லோடு ஒரு அட்டையும் வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் ஒரு மோச்சி ஐஸ்க்ரீம் இலவசமாம். ஆன்லைனில் அந்தக் கடைக்கு அத்தனை புகழ்ச்சி எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் புகழ்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆபீஸில் விசாரித்தேன். வேலை நாள் மதியம் கவுன்டரில் உட்கார்ந்து சாப்பிட்ட நாலைந்து பேர் அருமை என்கிறார்கள், என்னுடைய செவ்வாய்க்கிழமை மாதிரியே. வெள்ளி சனி இரவில் போனவர்கள் விறைத்த சோறு, தாமதம், மாற்றி வந்த தட்டு என்று அடுக்குகிறார்கள். நன்றாகச் செய்யத் தெரிந்த கடைதான் அது. தெரிந்திருந்தும் கூட்டமான நாளில் யாருக்கு எது போனால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள், என் கோபமே அதில்தான்.

சைவக்காரர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது வெஜ்ஜா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். தாஷியில் மீன் உண்டா என்று கேளுங்கள், சர்வரை விட்டுவிட்டு சமையல் செய்கிறவரிடம் கேளுங்கள், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். கடல்பாசியும் காய்ந்த காளானும் மட்டும் போட்டுச் செய்கிற தாஷியும் உண்டு, ஜப்பானில் புத்தமடத்துச் சமையல் முழுக்க அதில்தான் நடக்கிறது, அதனால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சூப்போடு நிற்காது இந்த தாஷி. மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற சாஸ், சோபா நூடுல்ஸ் சாறு, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுகிற சாறு, முட்டை ஆம்லெட் எல்லாவற்றிலும் இருக்கலாம். காய் டெம்புராவை இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கும், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்க அது வேண்டும். நான் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அதை வைத்துத்தான் புகார் போட்டேன்.

விமர்சனமும் எழுதினேன். மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. நாலு பேருக்கும் இலவசச் சாப்பாடு தருகிறோம், விமர்சனத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். எனக்குச் சாப்பாடு வேண்டாம், மெனுவில் அந்தப் பச்சைப் புள்ளியை எடுத்துவிடுங்கள், நானும் விமர்சனத்தில் அதை எழுதிவிடுகிறேன் என்றேன். மேலிடத்தில் சொல்கிறோம் என்றார்கள்.

நேற்று மதியம் என் தோழி அங்கே போயிருந்தாள், மெனுவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மிசோ சூப் 280 ரூபாய், பக்கத்தில் பச்சைப் புள்ளி அப்படியே இருக்கிறது.