நினைவுச் சாளரத்துக்குக் கம்பிவலையா, இரட்டைக் கண்ணாடியா?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஸ்வாஃபம் பிரையர் ஊரிலுள்ள தூய மரியாள் ஆலயம் இடைக்காலக் கட்டடம். அதன் வண்ணச் சாளரங்களிலோ முதல் உலகப் போரின் டாங்கியும் விமானமும்! இப்படிப்பட்ட நினைவுச் சாளரங்களைக் காக்க இரண்டு வழிகள் உண்டு.

துருப்பிடிக்காத எஃகு வலை விலை குறைவு, கல்லெறிக்குப் போதும். கறுப்புப் பூச்சுடன், சாளரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வெட்டி, கல்லில் துளையிடாமல் சாந்து இணைப்பில் பொருத்த வேண்டும். செம்பு வலை கல்லில் பச்சைக் கறை இறக்கும். சாதா இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கும்.

ஆனால் வலை ஈரத்தைத் தடுக்காது. குளிர்ந்த கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து, வழிந்து, அடியில் தேங்கும். மாண்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கும். கண்ணாடியில் எழுத்தைத் தீட்டிய வண்ணம் சூளையில் சரியாக வேகாதிருந்தால் அந்தப் பெயர்கள்தான் முதலில் உதிரும்.

இரட்டைக் கண்ணாடி முறையில் பழைய கண்ணாடியை வெண்கலச் சட்டத்தில் உட்புறம் நகர்த்தி, அது முன்பு பொருந்தியிருந்த கல் பள்ளத்தில் புதுக் கண்ணாடி பதிப்பார்கள். நடுவில் சில சென்டிமீட்டர் இடைவெளி. ஆலயத்தின் உட்காற்று புகுந்து வர மேலும் கீழும் திறப்பு. திறப்பை அடைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். செலவு பல மடங்கு. பெயர்கள் உதிரத் தொடங்கியிருந்தால் இதுதான் சரி. இதற்குத் திருமண்டலத்தின், அதாவது ஆலயம் சேர்ந்த பேராயர் ஆட்சிப்பகுதியின், அனுமதி முன்கூட்டியே வேண்டும்.