சிக்னல்: எதையும் எடுத்து வைக்காத செயலி

மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது, அது மட்டும்தான் வேண்டும் என்றால் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. வாட்ஸ்அப்பில் 2016-லேயே எல்லாச் செய்திகளுக்கும் அது வந்துவிட்டது. அதுவும் சிக்னல்காரர்கள் எழுதிய அதே பூட்டும் முறைதான். நான் இந்தச் செயலியைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு காரணத்துக்காக.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்கள் என்ன பேசினார்கள் என்பது இரண்டாவது ரகசியம். என்னிடம் பேசினார்கள் என்பதுதான் முதல் ரகசியம். ஒருவர் வாரா வாரம் ஒரே நேரத்தில் ஓர் ஆலோசகரோடு முக்கால் மணி நேரம் பேசுகிறார், நடுவில் ஒரு நாள் நள்ளிரவில் செய்தி அனுப்புகிறார் என்று தெரிந்தால் போதும், உள்ளே இருப்பதைப் படிக்கவே வேண்டாம். அமெரிக்காவின் உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-ல் ஒரு விவாத மேடையில், மெட்டாடேட்டாவை வைத்துத்தான் ஆட்களைக் கொல்கிறோம் என்றே சொன்னார். யார், யாரோடு, எப்போது என்கிற தகவலுக்கு அவ்வளவு மதிப்பு.

சிக்னல் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) விசாரணைக்காக அவர்களுக்கு சம்மன் வந்தது. பெயர், முகவரி, ஐபி பதிவுகள் என்று பெரிய பட்டியலே கேட்டிருந்தார்கள். சிக்னல் கொடுத்தது இரண்டு நேரக் குறிப்புகள்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது. அவர்கள் கையில் இருந்ததே அவ்வளவுதான். தொடர்புப் பட்டியல், குரூப்பின் பெயர், அதில் யார் யார், நம் ப்ரொஃபைல் படம் எதுவும் அவர்களால் படிக்கக்கூடிய வடிவில் சர்வரில் இல்லை. 2018-க்குப் பிறகு, அனுப்புகிறவர் யார் என்பதையும் சர்வருக்குத் தெரியாதபடி உறைக்குள்ளேயே வைத்து ஒட்டிவிடும் ஏற்பாடு வந்தது.

பயன்படுத்துவதற்கு எப்படி இருக்கிறது? மிக எளிது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அழைப்புகள் தெளிவாக இருக்கின்றன. ஸ்டோரிஸ் என்று ஒன்று 2022-ல் சேர்த்தார்கள், அதற்கு முன் கிரிப்டோ நாணயம் அனுப்பும் வசதி ஒன்று. இரண்டும் யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அணைத்துவிட்டேன்.

என் வேலையை மாற்றியது 2024 பிப்ரவரியில் வந்த யூசர்நேம் வசதி. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில எண்களும் சேர்த்து ஒரு யூசர்நேம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு க்யூஆர் கோடும் கிடைக்கும். புதிதாக வருகிறவரிடம் நான் அதை மட்டும் கொடுக்கிறேன். அவர் ஸ்கேன் செய்து 'வணக்கம் மேடம்' என்று அனுப்புகிறார். என் நம்பர் அவருக்குத் தெரியாது, அவர் நம்பர் எனக்குத் தெரியாது. அவர் வைத்துக்கொண்ட பெயர் வெறும் 'க' என்றிருந்தாலும் எனக்குச் சரிதான். யூசர்நேமைப் பிறகு மாற்றிவிட்டாலும் நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுந்துபோவதில்லை.

முதல் வீடியோ அழைப்பிலேயே, உரையாடும் இருவருக்கும் சிக்னல் காட்டும் பாதுகாப்பு எண்ணைச் சரிபார்க்கச் சொல்வேன். ஐந்தைந்து இலக்கமாகப் பன்னிரண்டு கூறுகள், மொத்தம் 60 இலக்கம். நான் ஒரு கூறு வாசிக்க, அவர் அடுத்ததை வாசிப்பார். பாதியில் பலருக்குச் சிரிப்பு வந்துவிடும், அதுவும் நல்லதுதான். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நடுவில் வேறு யாரும் உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு அவர் புது போனில் சிக்னலைப் புதிதாகப் போட்டால், பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்று உரையாடலுக்குள்ளேயே ஒரு வரி வந்து நிற்கும். அப்போது இன்னொரு முறை வாசிப்போம்.

இவ்வளவும் நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. செட்டிங்ஸில் மூன்று இடங்களை நாமே போய்த் திருத்த வேண்டியிருக்கிறது. எனக்கு சிக்னல் மேல் உள்ள பெரிய குறையே இதுதான்.

என் நம்பரை யார் பார்க்கலாம் என்பதற்கு 'யாரும் வேண்டாம்' என்று தானாகவே இருக்கிறது. ஆனால் நம்பரை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாமா என்பதற்கு 'எல்லோரும்' என்றிருக்கிறது. அதாவது என் நம்பரைக் கையில் வைத்திருக்கிற எவரும் நான் சிக்னலில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளலாம். மாற்றுங்கள். அடுத்தது பதிவுப் பூட்டு. 2022 ஆகஸ்டில், சிக்னலுக்காக எஸ்எம்எஸ் சரிபார்ப்பு செய்துகொடுத்த ட்விலியோ நிறுவனத்துக்குள் ஆள் புகுந்தபோது சுமார் 1,900 பேரின் நம்பர்களை வேறு கருவியில் பதிவு செய்துகொள்ள வழி இருந்தது. பழைய செய்திகள் போகவில்லை, அவை போனில்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் பெயரில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்ளலாம். பதிவுப் பூட்டைப் போட்டால், ஓடிபி கையில் இருந்தாலும் பின் நம்பர் இல்லாமல் உள்ளே வர முடியாது. அது ஏன் தானாகவே போடப்பட்டிருக்கக் கூடாது? மூன்றாவது, அறிவிப்புகள். பூட்டிய திரையில் பெயரும் வேண்டாம், செய்தியும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். மேசையில் கிடக்கும் போனை எட்டிப் பார்க்கும் கணவரோ மாமியாரோதான் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு எந்த உளவுத்துறையையும்விடப் பெரிய கவலை.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்க வேண்டும்: இணைத்த கருவிகள் பட்டியல். ரஷ்யாவோடு தொடர்புடைய குழுக்கள் போலி க்யூஆர் கோடுகளை அனுப்பி, ஸ்கேன் செய்தவரின் கணக்கில் தங்கள் கணினியை இணைத்துக்கொள்வதாக கூகுளின் ஆய்வாளர்கள் 2025 பிப்ரவரியில் எச்சரித்தார்கள். மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. உரிமையாளரே கதவைத் திறந்துவிட்டார். அடுத்த மாதமே அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், ஏமன் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் சேர்த்துவிட்டு உலகம் முழுக்கச் செய்தியானார். குரூப்பில் யாரைச் சேர்க்கிறோம் என்று எந்தச் செயலியும் நமக்காகப் பார்க்காது. போனுக்குள்ளேயே பெகாசஸ் மாதிரி ஒரு வேவு மென்பொருள் இறங்கிவிட்டால், திரையில் நாம் படிப்பதை அதுவும் படிக்கும். அதற்கு சிக்னல் ஒன்றும் செய்ய முடியாது.

அரசுகளுக்கு இந்தச் செயலி பிடிக்காததில் ஆச்சரியமில்லை. செய்தி பூட்டப்படுவதற்கு முன் போனிலேயே அலசிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரு யோசனையை ஐரோப்பிய ஆணையம் 2022-ல் கொண்டுவந்தது, அதை ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். செய்திகளைச் சேமித்து வைக்கச் சொன்னால் நாட்டை விட்டே கிளம்புவோம் என்று சுவீடனிடம் சிக்னல் தலைவர் மெரிடித் விட்டேக்கர் 2025-ல் சொன்னார். இதில் எனக்கு நடுநிலை கிடையாது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக வைத்திருந்த அமைப்புகளுக்குள்ளேயே சீனாவோடு தொடர்புடைய சால்ட் டைஃபூன் குழு நுழைந்தது 2024-ல் வெளியே வந்தது. போலீசுக்கென்று போட்ட வழியில் உளவாளி வந்துவிட்டான். அப்புறம் என்ன, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பே, சிக்னல் மாதிரி ஒரு செயலிக்கு மாறுங்கள் என்று அதிகாரிகளுக்கு அறிவுரை வெளியிட்டது!

பேக்கப் பற்றியும் கேட்பீர்கள். 2025 செப்டம்பரில்தான் சர்வர் பேக்கப் வர ஆரம்பித்தது. 64 எழுத்துகள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று கொடுப்பார்கள். அதைத் தொலைத்தால் அவர்களாலும் திறந்துதர முடியாது. குடும்பப் புகைப்படங்கள் வைத்திருப்பவர்கள் தாளில் எழுதி வைத்துக்கொண்டு போட்டுக்கொள்ளலாம். என் உரையாடல்கள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன், அதனால் எனக்கு அது தேவைப்படவில்லை.

விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. செலவு ஆண்டுக்கு 5 கோடி டாலரை நெருங்கும் என்று 2023-ல் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். அதில் பதிவுக்கான எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் 60 லட்சம் டாலர் போனதாம். அந்தக் காசை மிச்சப்படுத்தவாவது நம்பர் இல்லாமல் பதிவு செய்ய விடலாம். த்ரீமா என்ற செயலி நம்பரே கேட்காமல் ஓர் அடையாளக் குறியீடு கொடுத்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் என்னிடம் வருகிறவர்களை அங்கே கூப்பிட முடியவில்லை. சிக்னல் இதைச் செய்யும் வரை வேலைக்கென்று தனி சிம் ஒன்று வைத்திருக்கிறேன். ஓடிபி வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.