ஆஃப் சீசன் நீச்சல்: புல் பாயா, ஸ்நோர்க்கலா?

டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்கள் பலருக்குக் கால் தண்ணீரில் தாழ்ந்துபோகும். தொடைகளுக்கு நடுவே புல் பாய் (pull buoy) என்ற மிதவையை வைத்தால் இடுப்பு உடனே மேலே வந்துவிடும், வேகமும் கூடும். எடுத்ததும் கால் பழையபடி இறங்கிவிடும். வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை தரும் மிதப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்பதால், பந்தயம் நெருங்கும்போது புல் பாயை வைத்துக்கொள்ளலாம்.

பந்தயம் இல்லாத ஆஃப் சீசனில் என் ஓட்டு முன்பக்க ஸ்நோர்க்கலுக்கே, அதாவது முகத்துக்கு நேர் முன்னால் மேலே நீளும், மூச்சு விட உதவும் குழாய்க்கே. மூச்சுக்காகத் தலையைத் திருப்ப வேண்டாம், அதனால் கண் கைமேலேயே இருக்கும். வலது கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் நுழைகிறதா, இழுக்கும்போது முழங்கை சரிகிறதா என்று நீங்களே பார்த்துத் திருத்தலாம். தலை கீழ்நோக்கி நிலையாக இருந்தால் காலும் எழும்பும்.

முதலில் மூக்கில் தண்ணீர் ஏறும். மூக்கு கிளிப் போட்டால் சரி. அப்புறம் 50 மீட்டர் ஸ்நோர்க்கலோடு, அடுத்த 50 அது இல்லாமல் என்று மாற்றி மாற்றி நீந்துங்கள்.